பக்கம் அறுபத்து மூன்று

ஹல் நகரத்தில் அன்று காற்று
ஆற்றுப் பக்கமிருந்து குறுக்கே அடித்தது.
கார் நிறுத்திய இடத்திலிருந்து தீர்ப்பாய வாசலுக்கு
தொண்ணூற்றிரண்டு தப்படி.
நான் எண்ணினேன். ஜனீன் எண்ணவில்லை.
மூன்று முறை நின்று
வெறும் செங்கல் சுவரை
கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கோப்பு என் கையில்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சமையல், பூஜ்யம். குளியல், பூஜ்யம்.
நடமாட்டம், அதுவும்.
பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை பூஜ்யம் வாங்கியதில்லை என்று
ஜனவரியில் அவளே சொல்லிச் சிரித்தாள்.
மறுபரிசீலனை
அதே பூஜ்யங்களை வேறு உறையில் அனுப்பியது.
பிறகு சிரிக்கவில்லை.

சின்ன அறை. தண்ணீர்க் குடுவை.
எதிரே நீதிபதி, ஒரு மருத்துவர்,
ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்த ஒரு பெண்மணி.
"நீங்கள் கடைசியில் பேசலாம்" என்றார் நீதிபதி,
என்னிடம், கனிவாகத்தான்.
நான் பேருந்து ஓட்டுபவன்.
இருபத்தாறு வருடம்
முதுகுக்குப் பின்னால் பேசுவதைக் கேட்டபடி
சாலையை மட்டும் பார்த்துப் பழகியவன்.
உட்கார்ந்தேன்.

"இன்று எப்படி வந்தீர்கள்?"
"காரில்."
"சரி, ஒரு சாதாரண நாளின் காலையைச் சொல்லுங்கள்."

சொன்னாள்.
நாலே முக்காலுக்கு நான் கிளம்பிய பிறகு
மாடிப்படியில் உட்கார்ந்தபடியே
ஒவ்வொரு படியாக இறங்குவாளாம்.
ஏழாவது படியில் காத்திருப்பாளாம்,
கால் மறுபடி தன் கால் ஆகும்வரை.
சில நாள் இருபது நிமிடம்.
சில நாள் தபால்காரர் வரும்வரை.
பூஜ்யங்கள் வந்த கடிதம்
கதவுத் துளை வழியே விழுந்ததையும்
அந்தப் படியிலிருந்துதான் பார்த்தாளாம்,
எடுக்க முடியாமல்.

நவம்பரில் கையில் பட்ட சூடு
என்னிடம் அடுப்புத் தட்டு.
இங்கே, கெட்டில்.

குளிப்பது என் விடுமுறை நாளில் மட்டும்,
நான் கீழே டிவி பார்க்கும்போது.
"விழுந்தால் அவருக்குச் சத்தம் கேட்கும் அல்லவா?"

பதினொரு வருடமாக அதே வீடு.
ஏழாவது படியில் கம்பளம் தேய்ந்திருப்பது
நாயின் வேலை என்று இருந்தேன்.

மருத்துவர் தாளைப் புரட்டினார்.
"பக்கம் அறுபத்து மூன்று."
எனக்குத் தெரியும் அந்தப் பக்கம்.
மதிப்பீட்டாளர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தபோது
தேநீர்க் கோப்பையோடு குறுக்கே புகுந்து
நான் உதிர்த்த சொல்,
தட்டச்சில், மேற்கோள் குறிக்குள்:
கணவர் கூறியது, "நன்றாகச் சமாளிக்கிறாள்."

பெருமையாகத்தான் சொன்னேன்.
எங்கள் தெருவில் ஒருத்தியைப் பற்றி
அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.
அந்த ஒற்றைச் சொல்லின் தோளில் ஏறி நின்றுதான்
யாரோ அத்தனை பூஜ்யமும் எழுதியிருக்கிறார்கள்.

"இப்போது நீங்கள் பேசலாம்."

வீட்டில் எழுதி வைத்திருந்த தாள் பையிலேயே இருந்தது.
"எனக்குத் தெரியாது" என்றேன்.
"இவ்வளவு நேரம் இவள் சொன்னதில்
ஒன்றும் எனக்குத் தெரியாது, ஐயா.
தெரியாதவன் சொன்ன சொல் அது.
அடித்துவிடுங்கள்."

ஊன்றுகோல்காரப் பெண்மணி பேனாவை நிறுத்தி
என்னை விட்டுவிட்டு ஜனீனைப் பார்த்தார்.
ஜனீன் கைப்பையின் ஜிப்பைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

வெளியே பன்னிரண்டு நிமிடம்.
மறுபடி உள்ளே.
மேல்முறையீடு ஏற்கப்பட்டது.
தினசரி வாழ்வுக்குப் பதினொன்று,
நடமாட்டத்துக்குப் பன்னிரண்டு.
இல்லாமையை எண்ணித் தரும் மதிப்பெண்.
கை குலுக்கலாமா என்று தெரியாமல்
நான் குடுவையை நகர்த்தி வைத்தேன்.

வாசலில் சொன்னாள்:
"பணத்துக்காகத்தான் வந்தேன்.
நீ தெரிந்துகொள்வதற்காக இல்லை."

காரை இங்கேயே கொண்டுவருகிறேன் என்றேன்.
வேண்டாம் என்றாள்.
காற்று இன்னும் அடங்கவில்லை.
திரும்பும்போது நான்கு முறை நின்றாள்,
தெருவே பார்க்க, நடைபாதையின் நடுவில்.
எந்தச் சுவரையும் பார்க்கவில்லை.